விட்டுக்கொடுத்த பேச்சு

எங்கள் வகுப்பில் எல்லோர் வீட்டிலும் ஒரு பழுப்பு நிற நாய் இருக்கிறது. அதற்கு இரண்டு காதும் மடங்கியிருக்கும். விருந்தாளி வந்தால் வாலாட்டும், திருடன் வந்தால் குரைக்கும். யார் விருந்தாளி, யார் திருடன் என்று அதற்கு எப்படித் தெரியும் என்பதைக் கட்டுரையில் சொல்லவில்லை. 'என் செல்லப் பிராணி' என்ற அந்தக் கட்டுரையை மொழிப்பாடம் எடுக்கும் மிஸ் கரும்பலகையில் எழுதிப் போட்டார். நாங்கள் மனப்பாடம் செய்து பரீட்சைத் தாளில் கொட்டினோம். எனக்குப் பின்பெஞ்சில் உட்காரும் சோடாபுட்டி மட்டும், "எங்கள் வீட்டில் நாய் கிடையாது. வீட்டுக்காரர் விட மாட்டார். தவிர, எனக்கு நாய் என்றால் பயம்" என்று உண்மையை எழுதிவிட்டு முட்டை வாங்கினான்.

நான் எழுந்து, "இது என்ன நியாயம் மிஸ்?" என்று கேட்டேன்.

"கட்டுரையில நாய் இருக்கணும். வீட்டுல இருக்கா இல்லையான்னு யாரு வந்து பார்க்கப் போறா?" என்றார் மிஸ். "ஒரு எழுத்து மாத்தாம எழுதினவங்களுக்குத்தான் முழு மார்க். கமாகூட நான் போட்ட இடத்துலதான் இருக்கணும்."

அன்றிலிருந்து அவர் கமா மிஸ். எனக்குப் புதுப்பெயர் எதுவும் தேவைப்படவில்லை. பேச ஆரம்பித்த வயதிலிருந்து 'இது என்ன நியாயம்' என்று நான் கேட்டு வருவதால் வீட்டிலும் நான் வக்கீல்தான், பள்ளியிலும் வக்கீல்தான். நிஜ வக்கீலுக்காவது எப்போதாவது ஒரு கேஸ் ஜெயிக்கும்.

எங்கள் பள்ளியில் மாடிப்படிக்குப் பக்கத்தில் 'இங்கு அனைவரும் சமம்' என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகை இருக்கிறது. அதற்கு நேர் கீழே 'இந்தப் படியை மாணவர்கள் பயன்படுத்தக் கூடாது' என்று இன்னொரு பலகை. இரண்டையும் ஒரே பெயிண்டர்தான் எழுதினார். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், மனிதர் சிரிக்கவே இல்லை. பின்பெஞ்சில் ஒருத்தன் விசிலடித்தால் வகுப்பே எழுந்து நிற்க வேண்டும். முன்பெஞ்சில் ஒருத்தி முதல் மார்க் வாங்கினால் வகுப்புக்கே முதல் மார்க் கிடைத்ததாக யாரும் சொல்வதில்லை. 'புரியாதவங்க கை தூக்குங்க' என்பார்கள். தூக்கினால், 'இவ்வளவு நேரம் எங்கே பராக்குப் பார்த்துட்டிருந்தே?' அதனால் எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் எல்லாம் புரிந்துவிடுகிறது. விளையாட்டு பீரியடைக் கணக்கு மிஸ் இரவல் வாங்கிப் போவார். நல்ல புத்தகத்தை இரவல் வாங்கியவர்களைப் போலவே அவரும் அதைத் திருப்பித் தந்ததே இல்லை.

கேட்டால் எல்லோரும் சொல்லும் வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: விட்டுக்கொடு.

இந்த வார்த்தை எனக்குப் புதிதில்லை. நான் எங்கள் வீட்டில் நடுப்பிள்ளை. மேலே ஒரு அண்ணன், கீழே ஒரு தங்கை. அண்ணனோடு சண்டை வந்தால், "நீ சின்னவதானே, விட்டுக்கொடு" என்பாள் அம்மா. தங்கையோடு சண்டை வந்தால், "நீ பெரியவதானே, விட்டுக்கொடு" என்பாள். ஒரே பகலில் நான் சின்னவளாகவும் பெரியவளாகவும் மாறி மாறித் தோற்றிருக்கிறேன். எங்கள் வீட்டில் ஜன்னலோரமாக ஒரு மேஜை உண்டு. நல்ல வெளிச்சம், நல்ல காற்று. அண்ணனுக்குப் பெரிய பரீட்சை வந்தபோது அது அவனுக்குப் போனது. பரீட்சை முடிந்தது, மேஜை திரும்பி வரவில்லை. இப்போது அவன் அதில் கைப்பேசியைச் சார்த்தி வைத்துப் படம் பார்க்கிறான். மிச்சமிருக்கும் ஓரம் தங்கைக்கு, ஏனென்றால் சின்னக் குழந்தை, கண் கெட்டுவிடும். என் கண்ணுக்கு மாற்றுக் கண் எந்தக் கடையில் வாங்கி வைத்திருக்கிறார்களோ தெரியவில்லை.

நான் எழுதுவது அம்மாவின் இஸ்திரி மேஜையில். அம்மா ரெடிமேட் துணிக்கடையில் ஆல்டரேஷன் தைப்பவள். இடுப்பைப் பிடிப்பது, கையைக் குறைப்பது, அடிமடிப்பைப் பிரித்து நீளம் விடுவது எல்லாம் அவள் வேலை. கடையில் முடியாததை வீட்டுக்குக் கொண்டுவந்து தைப்பாள். அவள் இஸ்திரி போட்டு முடித்ததும் அந்த மேஜை எனக்கு. குளிர் நாளில் சுகமாகத்தான் இருக்கும். வெயில் நாளில் கணக்குப் போட்டால் விடையும் வேகும், கையும் வேகும். அப்பாவிடம் முறையிட்டுப் பயனில்லை. அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். வீட்டுச் சண்டை எதிலும் அவர் மேல்மாடிக்கும் வர மாட்டார், கீழ்த்தளத்துக்கும் வர மாட்டார், நடுவிலேயே நின்றுகொண்டு, "அம்மாவைக் கேளு" என்பார்.

அம்மாவைக் கேட்கலாம், ஆனால் முழுதாகக் கேட்க முடியாது. நான் வாயைத் திறந்து பாதி தூரம் போவதற்குள் தையல் மெஷின் ஓட ஆரம்பித்துவிடும். அது நின்றதும், "ஆரம்பிச்சுட்டியா உன் கோர்ட்டை? போய் வெங்காயத்தை உரி" என்று தீர்ப்பு வந்துவிடும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பேச்சுப் போட்டி வந்தது. பல பள்ளிகள் சேர்ந்து நடத்துவது, இந்த முறை எங்கள் பள்ளி அரங்கில். பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு 'விட்டுக்கொடுத்து வாழ்வோம்.'

தலைப்பைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. இந்த விஷயத்தில் எனக்கு இருக்கும் அனுபவம் நாட்டில் வேறு யாருக்கு இருக்கும்? பள்ளி சார்பில் பேச ஒருவரைத் தேர்ந்தெடுக்க எல்லோரையும் எழுதி வரச் சொன்னார்கள். மற்றவர்கள் நூலகத்தில் இருந்த ஒரே புத்தகத்திலிருந்து ஒரே பேச்சை எடுத்து வந்தார்கள். நான் என் வீட்டை எடுத்து வந்தேன். அண்ணன், தங்கை, ஜன்னல் மேஜை, இஸ்திரி சூடு, அம்மாவின் தீர்ப்புகள் எல்லாம் அதில் இருந்தன. கமா மிஸ் அதைப் படித்துவிட்டு, "கமா எல்லாம் சரியா இருக்கு" என்றார். தேர்வாகிவிட்டேன்.

பரிசு எனக்கு முக்கியமில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். அம்மா அந்த அரங்கில் உட்கார்ந்திருப்பாள். அங்கே தையல் மெஷின் இருக்காது. மைக்கில் பேசுகிறவளை எழுந்து வந்து வெங்காயம் உரிக்கக் கூப்பிடவும் முடியாது. என் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வாக்கியத்தை அம்மா காதில் கடைசி வரைக்கும் சொல்லி முடிக்கப் போகிறேன். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது, அதை நினைத்தாலே இனித்தது.

அந்த இனிப்பு அந்த வாரத்தைக்கூடத் தாண்டவில்லை. ஹெச்.எம். மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டார். முகத்தில் அப்படியொரு கனிவு. அவர் கனிவாக இருந்தால் ஏதோ பறிபோகப் போகிறது என்று அர்த்தம்.

"நம்ம பள்ளிக்கூடத்து சேர்மன் பொண்ணு இந்தத் தடவை பேசட்டும்னு ஒரு யோசனைம்மா" என்றார். "அவரு மனசு வச்சாத்தான் நம்ம ஹாலுக்கு ஃபேன் வரும். உனக்குத் தெரியாததா?"

"நான்தானே மேடம் செலக்ட் ஆனேன்?"

"ஆமா. யாரு இல்லைன்னா? அதனாலதான் உன்கிட்டயே கேக்கறேன். நீ பேசப்போற தலைப்பு என்ன?"

"விட்டுக்கொடுத்து வாழ்வோம், மேடம்."

"அதைத்தானேம்மா நானும் சொல்றேன்."

வக்கீலுக்கு வாதமே எழவில்லை. போகத் திரும்பியபோது, "அப்படியே நீ எழுதினதையும் குடுத்துடு. ரொம்ப நல்லா இருக்காம். மிஸ் சொன்னாங்க" என்றார். பிடுங்கியதோடு பாராட்டையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு யாருடைய சட்டைக்கோ தோள்பட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிப்பதற்குள், குண்டூசிகளுக்கு நடுவிலிருந்தே, "போனாப் போகுது, விட்டுக்கொடு" என்றாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். "தண்ணியை வீணாக்காதே, மத்தவங்களுக்கும் வேணும்" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. அழுகையையும் பாதியில் விட்டுக்கொடுத்தேன்.

சேர்மன் மகளை எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். என் வயதுதான். காரிலிருந்து இறங்கும்போது அவள் அப்பா ஒருநாள், "பாப்பா, தண்ணி பாட்டில்!" என்று கூவினார், பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளை வெறுக்க வேண்டும் என்று நான் உறுதியாகத்தான் போனேன். ஆனால் பாப்பா என்னைப் பார்த்ததும், "எனக்கு மேடைன்னாலே வயித்தைக் கலக்கும். அப்பா ஆசைப்பட்டுட்டாரு. நீ பேசினா நான் நிம்மதியா பின்னாடி உக்காந்திருப்பேன்" என்றாள். இப்படி இருந்தால் ஒருத்தியை எப்படி வெறுப்பது? அந்த உரிமையும் போனது.

கமா மிஸ் முன்னிலையில் ஒத்திகை நடந்தது. பாப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய பொறுப்பும் என்னுடையதுதான். இரண்டாம் நாளே மனப்பாடம் செய்துவிட்டாள். கமா வந்த இடத்திலெல்லாம் மூச்சு விட்டாள். பிறகு ஒரு சந்தேகம் கேட்டாள்.

"மிஸ், இதுல எனக்கு ஒரு அண்ணன், ஒரு தங்கைன்னு வருது. எனக்குத்தான் யாருமே இல்லையே?"

"நான் வேணா மாத்தி எழுதித் தரேன் மிஸ்" என்றேன். என்னதான் கோபம் இருந்தாலும் ஒரு பொதுக் காரியம் உருப்படியாக நடக்கட்டும் என்ற எண்ணம் எனக்கும் உண்டு.

கமா மிஸ் எங்கள் இருவரையும் பரிதாபமாகப் பார்த்தார். "மனப்பாடம் பண்ணினதுக்கு அப்புறம் மாத்தினா நடுவுல தடுக்கும். ஒரு எழுத்து மாத்தக் கூடாது. ஏன், நாய் கட்டுரை நீயும் எழுதினேல்ல? உங்க வீட்டுல நாய் இருக்கா?" என்று பாப்பாவைக் கேட்டார்.

"இல்ல மிஸ்."

"முழு மார்க் வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு மிஸ்" என்றாள் பாப்பா. விஷயம் முடிந்தது. வெளியே வந்ததும் என்னிடம் மெதுவாக, "விட்டுக்கொடுக்கறதுன்னா நிஜமாவே எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். காய்ச்சல் எப்படி இருக்கும் என்று கேட்பதுபோல அக்கறையாகத்தான் கேட்டாள். "பழகிடும்" என்றேன்.

போட்டி நாளன்று அரங்கு நிறைந்திருந்தது. பெற்றோர் வராவிட்டால் மறுநாள் பிள்ளை விளக்கம் சொல்ல வேண்டும் என்று மிரட்டியிருந்ததால் எல்லோரும் ஆர்வமாக வந்திருந்தார்கள். ஃபேன் இன்னும் வரவில்லை. அப்பா ஏதோ லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை எடுக்கப் போய்விட்டார். அம்மா கடையில் சொல்லிவிட்டு அவசரமாக ஓடி வந்தவள், கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றவும் மறந்திருந்தாள். நானும் அவளும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். முன்வரிசையில் சேர்மன் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, பல் டாக்டர், அன்று தலைமை விருந்தினரும் அவர்தான். ஃபேன் விஷயத்தில் ஹெச்.எம். எதையும் அரைகுறையாகச் செய்யவில்லை.

மற்ற பள்ளிப் பிள்ளைகள் பேசினார்கள். மரம் நிழலை விட்டுக்கொடுக்கிறது, மெழுகுவர்த்தி உயிரை விட்டுக்கொடுக்கிறது. அந்த நூலகப் புத்தகம் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது போலும். பிறகு பாப்பா மேடை ஏறினாள். நான் விரலால் பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அனைவருக்கும் வணக்கம். நான் எங்கள் வீட்டில், நடுப்பிள்ளை" என்று ஆரம்பித்தாள் பாப்பா.

சேர்மன் நிமிர்ந்தார்.

"எனக்கு மேலே, ஓர் அண்ணன். எனக்குக் கீழே, ஒரு தங்கை. அண்ணனிடம் நான் சின்னவள், அதனால் விட்டுக்கொடுக்க வேண்டும். தங்கையிடம் நான் பெரியவள், அதனால் விட்டுக்கொடுக்க வேண்டும். எனக்குச் சமமானவர் என்று, எங்கள் வீட்டில் யாருமே பிறக்கவில்லை."

அரங்கில் மெல்லிய சிரிப்பு எழுந்தது. டாக்டரம்மா மெதுவாகத் திரும்பித் தன் கணவரைப் பார்த்தார். அது சாதாரணப் பார்வையாகத் தெரியவில்லை. கூட ஒரு அண்ணனும் தங்கையும் எங்கே வளர்கிறார்கள் என்று கேட்கும் பார்வை. சேர்மன் தலையை இல்லை இல்லை என்று ஆட்டினார்.

பாப்பா எதையும் கவனிக்கவில்லை. கண்ணை எதிர்ச்சுவரில் நட்டு, கமாவுக்குக் கமா மூச்சு விட்டு, ஒரு எழுத்தும் பிசகாமல் போய்க்கொண்டிருந்தாள்.

"என் அம்மா, தையல்காரர். ஊரில் எல்லோருக்கும் சரியாக அளவெடுப்பார். எங்கள் மூவருக்கு மட்டும், கண்ணளவுதான். ஜன்னலோர மேஜை அண்ணனுக்கு. அதன் ஓரம் தங்கைக்கு. எனக்கு இஸ்திரி மேஜை. நான் எழுதும் வரிகள் சூடாக இருப்பதாக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். காரணம் அதுதான்."

இப்போது அரங்கே சிரித்தது. என் பக்கத்தில் மட்டும் சிரிப்பு இல்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது. அம்மாவின் கை அளவு நாடாவின் நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தது மட்டும் கண்ணில் பட்டது.

"நான் அம்மாவைக் குறை சொல்லவில்லை. விட்டுக்கொடுப்பது நல்லதுதான். ஆனால் எப்போதும் ஒரே ஆள் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தால், அதற்குப் பெயர் விட்டுக்கொடுப்பது இல்லை, பறிகொடுப்பது. அம்மா, இதை ஒரே ஒரு தடவை, மெஷினை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்."

கைதட்டல் இடிபோல எழுந்தது. அது எனக்கு வந்திருக்க வேண்டிய கைதட்டல். அந்தக் கடைசி வரியை எப்படிச் சொல்வது, எங்கே குரலைத் தாழ்த்துவது என்று இஸ்திரி மேஜையில் எத்தனை முறை சொல்லிப் பார்த்திருப்பேன்! பாப்பா அதைக் கமாவில் மூச்சுவிட்டுச் சொல்லி முடித்துவிட்டாள்.

போட்டியின் விதிப்படி நடுவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவர் வேறு பள்ளியிலிருந்து வந்த பெரியவர். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ரொம்ப உருக்கமா பேசினேம்மா. உங்க அண்ணன் இதைக் கேட்டிருக்கணும். வந்திருக்காரா?" என்றார்.

"எனக்கு அண்ணன் இல்லைங்க சார்" என்றாள் பாப்பா. பொய் சொல்லத் தெரியாத பெண். கேள்விக்கான பதிலை யாரும் மனப்பாடம் செய்ய வைக்கவில்லை.

"சரி, தங்கச்சி?"

"தங்கச்சியும் இல்லைங்க சார்."

நடுவர் கொஞ்சம் யோசித்தார். "அப்போ நீ யாருக்கு நடுவுலம்மா?"

சிரிப்பில் ஓட்டுக்கூரை அதிர்ந்தது. பாப்பாவின் முகம் அழப்போகும் குழந்தை முகமாகிவிட்டது. கையை நீட்டிக் கடைசி வரிசையில் என்னைக் காட்டினாள். "இது அவளோட பேச்சு சார். அவ எனக்கு விட்டுக்கொடுத்தா."

அரங்கு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என்னை மட்டுமில்லை, கழுத்தில் அளவு நாடாவோடு உட்கார்ந்திருந்த என் அம்மாவையும் பார்த்தது.

அதற்குப் பிறகு நடந்தது ஹெச்.எம். அறையில். சேர்மன் நாற்காலியில், கமா மிஸ் சுவரோரத்தில், நானும் அம்மாவும் வாசல் பக்கம். எங்களை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. டாக்டரம்மா பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். போகும்போது கணவரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதால் சேர்மன் ஏற்கெனவே கலங்கிப்போயிருந்தார்.

"இத்தனை பேர் முன்னாடி என் பொண்டாட்டியைத் தையல்காரியா ஆக்கிட்டாங்களே! எவ்வளவு கேவலம்!" என்றார். சொன்ன பிறகுதான் அம்மாவின் கழுத்தைப் பார்த்தார். பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வேணும்னே செஞ்சிருக்கா சார்" என்றார் கமா மிஸ். "நான் கமா மட்டும்தான் பார்த்தேன். உள்ளே இப்படி ஒரு விஷமம் வச்சிருப்பான்னு யாருக்குத் தெரியும்?"

ஹெச்.எம். என் பக்கம் திரும்பினார். "வெளிப் பள்ளிக்கூடத்துக்காரங்க முன்னாடி நம்ம பள்ளிக்கூடத்தையே விட்டுக்கொடுத்துட்டியேடி!"

"நீங்கதான் மேடம் விட்டுக்கொடுக்கச் சொன்னீங்க."

"நான் சொன்ன விட்டுக்கொடுக்கறது வேற! இது வேற!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இடத்தை விட்டுக்கொடுத்தால் நல்ல பிள்ளை. ஆளை விட்டுக்கொடுத்தால் துரோகி. இரண்டுக்கும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு எப்படித்தான் பிழைக்கிறோமோ! சிரிப்பு வந்திருக்கும், ஆனால் ஹெச்.எம். அடுத்து அம்மாவிடம் திரும்பிவிட்டார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. பொண்ணு சார்கிட்ட மன்னிப்பு கேக்கட்டும். வேணும்னே செஞ்சேன்னு ஒத்துக்கட்டும். பிள்ளைன்னா கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகணும்."

அம்மா என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும், அந்த வார்த்தை அவள் நாக்கு நுனியிலேயே குடியிருக்கிறது. போதாததற்கு அவளுடைய வீட்டுக் கதையை ஊர் சிரிக்க வைத்திருக்கிறேன். 'இவ எப்பவுமே இப்படித்தான் மேடம், வாய் ஜாஸ்தி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் செய்யாத தப்பைச் செய்தவளாகிவிடுவேன். மேஜை போனது, மேடை போனது, அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். இத்தனை பேர் முன்னால் அம்மா என்னை விட்டுக்கொடுத்தால் அதைத் தாங்க முடியாது என்று அந்த நிமிஷம் தெரிந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா கழுத்திலிருந்த நாடாவைக் கழற்றினாள். நிதானமாகச் சுருட்டினாள். அவசரமில்லாமல் கைப்பைக்குள் வைத்தாள்.

"அந்தப் பேச்சை யாரு எழுதினது?" என்று கேட்டாள்.

"உங்க பொண்ணுதான். அதைத்தானே..."

"யாரு பேசியிருக்கணும்?"

ஹெச்.எம். சேர்மனைப் பார்த்தார்.

"அதுல இருக்கறது எல்லாம் எங்க வீட்டுக் கதை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல. அந்தத் தையல்காரி நான்தான். கேவலப்படணும்னா நான்தான் படணும், படலை." அம்மா நிறுத்தவில்லை. "இவ எதுக்கு மன்னிப்பு கேக்கணும்? இடத்தைக் கேட்டீங்க, குடுத்தா. எழுதினதைக் கேட்டீங்க, குடுத்தா. அந்தப் பொண்ணுக்குச் சொல்லியும் குடுத்தா."

"கொஞ்சம் விட்டுக்கொடுங்கம்மா, பெரிய இடம்..." என்று மெதுவாக இழுத்தார் ஹெச்.எம்.

"இவளை விட்டுக்கொடுக்க மாட்டேன்" என்றாள் அம்மா.

நியாயம் உடனே கிடைத்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். இந்த வருஷம் முடியும்வரை நான் எந்த மேடையிலும் ஏறக் கூடாது என்று அங்கேயே தீர்ப்பானது. சேர்மன் ஃபேன் தருவதாகச் சொன்னாரா என்பதும் தெரியவில்லை. கமா மிஸ் மட்டும் வெளியே வரும்போது என் காதருகே, "ஆனா அந்தப் பறிகொடுக்கறது வரி நல்லா இருந்துச்சுடி. கமாவும் சரியான இடத்துல இருந்துச்சு" என்றார்.

பஸ்ஸில் நான் என் கோர்ட்டை ஆரம்பிக்கவில்லை. பேச வேண்டியதைத்தான் பாப்பா பேசிவிட்டாளே. பாதி வழியில் அம்மாவே ஆரம்பித்தாள்.

"எனக்கு மேல யாரு?"

"பெரியம்மா."

"கீழ?"

"மாமா."

சொல்லிவிட்டு நான் அவளைப் பார்த்தேன். பெரியம்மாவையும் தெரியும், மாமாவையும் தெரியும். இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது யார் என்று நான் யோசித்ததே இல்லை.

"எங்கம்மா என்கிட்ட சொன்னதை ஒரு எழுத்து மாத்தாம உன்கிட்ட ஒப்பிச்சுட்டு இருந்திருக்கேன்" என்றாள் அம்மா. "நீ சொல்றப்போ எல்லாம் காதுல ஏறல. அந்தப் பொண்ணு கமா போட்டுப் போட்டுச் சொல்றப்போதான் சுருக்குன்னுச்சு." புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது, ஆனால் பஸ்ஸில் அழ வெட்கமாக இருந்ததால் வெளியே பார்த்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அண்ணன் ஜன்னலோர மேஜையில் இரண்டு காலையும் தூக்கிப் போட்டுக்கொண்டு படம் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எந்திரி. மேஜையைக் காலி பண்ணு."

"எதுக்கு?"

"அவ படிக்கணும்."

"அவளுக்குத்தான் இஸ்திரி மேஜை இருக்கே! இத்தனை நாளா இது என்னோடதாச்சே!" அண்ணன் எழுந்து நின்றுவிட்டான். முகம் சிவந்து, என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்து, "இது என்ன நியாயம்?" என்று கத்தினான்.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி என்னுடையது. வேறு யாரும் அதை இதுவரை கேட்டதில்லை. போனால் போகிறது என்று அதை அவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, என் புத்தகங்களை எடுத்து வரப் போனேன்.